மைன்கிராஃப்டில் ஓர் அமாவாசை

கச்சிபௌலியின் அடுக்குமாடிகளுக்கிடையே வளரும் நம் பிள்ளைகள் நிலவைக் கணினியில்தான் அதிகம் பார்க்கிறார்கள். 2011-இல் ஸ்வீடனின் மோஜாங் நிறுவனம் முழுமையாக வெளியிட்ட மைன்கிராஃப்ட் விளையாட்டை என் மகனோடு அமர்ந்து கவனித்தேன்.

அங்கே ஒரு நாளென்பது 20 நிமிடம். நாளுக்கொரு பிறையாக நிலவுக்கு எட்டு வடிவங்கள். ஆக, பௌர்ணமிக்குப் பௌர்ணமி 2 மணி 40 நிமிடம். நம் வானிலோ சுமார் 29½ நாள். பௌர்ணமி இரவில் சதுப்பு நிலங்களில் 'ஸ்லைம்' என்னும் கூழ்ப் பூதங்கள் பெருகும். அமாவாசையன்று அங்கே தோன்றா.

ஒரு குறை உண்டு. எந்தப் பிறையானாலும் அங்கே சூரியன் மறையும்போதே நிலவு எழுகிறது. உண்மையில் பௌர்ணமிக்கு மட்டுமே அது பொருந்தும். பிறகு நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதித்து உதித்து, அமாவாசையன்று சூரியனோடு சேர்ந்தே எழும். அதனால்தான் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இங்குள்ள தெலுங்கு அன்பர்களுக்கு அமாவாசைக்கு மறுநாள் மாதம் பிறக்கிறது. நமக்கோ சூரியன் ராசி மாறும்போது. ஆயினும் நம் முன்னோர் திதியை நிலவே சொல்கிறது. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் பிள்ளைகளுக்கு வெறும் நாட்காட்டி எழுத்தாகிவிடலாமா?

பெற்றோர்களே, வளர்பிறை மாலைகளில் அவர்களை மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். மூன்றாம் பிறை மேற்கே, அஷ்டமி நிலவு உச்சியில், முழுநிலவு கிழக்கே. விளையாட்டின் பிழையை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.