கடிவாளத்தை ஏன் தளர விட வேண்டும்?

மட்டாஞ்சேரிச் சந்துகளில் ஆட்டோ ஓட்டுபவரைக் கவனியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பார். திரும்பும்போது பிரேக்கைத் தொட மாட்டார். அமெரிக்கப் பீப்பாய்ப் பந்தயத்தின் சூட்சுமமும் இதுதான். மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரை பாய வேண்டும். ஒன்று சாய்ந்தால் 5 விநாடி தண்டம்.

வாரை இழுத்தால் சில குதிரைகள் ஏன் முரண்டு பிடிக்கின்றன? கடிவாள இரும்பு அமர்வது பல்லில்லாத ஈறில். மெல்லிய தோல், அடியில் உடனே எலும்பு. வலித்தால் தலையைத் தூக்கும், முதுகு குழியும், பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் வராது. நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களில்தான். கூர்மையாகத் திரும்ப அந்த எடையைப் பின்னுக்கு மாற்ற வேண்டும். கழுத்தால்தான் குதிரை சமநிலை பார்க்கும். அதையே இழுத்துப் பிடித்தால்?

எப்படி ஓட்டுவது? ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கும் பிராணி அது. சேணத்தில் அழுந்த உட்கார்ந்து, காலால் லேசாக அழுத்தினால் போதும். பதில் கிடைத்ததும் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். அந்த விடுதலைதான் அதற்குப் பரிசு. ஓயாமல் இழுத்தால் வாய் மரத்துப்போகும். முரட்டுக் குதிரை என்பதில் பாதி, முரட்டுக் கையின் வேலை.

நம் குதிரைப்படைக்கு இப்படிக் கடிவாளத்தை நம்பாமல் ஓட்டுவது புதிதல்ல. முளையை ஈட்டியால் பெயர்க்கும் டென்ட் பெக்கிங்கில் ஒரு கை ஈட்டிக்கே போய்விடும்; கடிவாளத்துக்கு மிஞ்சுவது மற்றொரு கைதான். 1982 டில்லி ஆசிய விளையாட்டில் அதற்கான தங்கத்தை வென்றவர் இந்தியாவின் ரூபிந்தர் சிங் பிரார்.