காணாமற்போனோர் குடும்பங்களுக்கான அரச உதவி (இலங்கை)

காணாமற்போனோர் குடும்பங்களுக்கான அரச உதவி என்பது, இலங்கையில் உள்நாட்டுப் போர், கிளர்ச்சிகள் முதலியவற்றின்போது காணாமற்போனோரின் உறவினருக்கு அரச நிதியிலிருந்து வழங்கப்படும் கொடுப்பனவுகளையும் ஆதரவுச் சேவைகளையும் குறிக்கும்.

பின்னணி

காணாமற்போனவர்களுள் பலர் குடும்பத்துக்காக உழைத்தவர்கள். ஒருவரின் இறப்புப் பதிவு செய்யப்படாதவரை அவரது காணி, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் ஆகியவற்றைப் பெறுவதில் குடும்பத்தினருக்குத் தடைகள் ஏற்படுகின்றன. பொதுச் சட்டப்படி, ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரே இறந்தவராகக் கொள்ளப்படுவார். போர்ச்சூழலில் காணாமற்போனோருக்கு இக்காலத்தை 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் ஓராண்டாகக் குறைத்தது. எனினும் இறப்புச் சான்றிதழைப் பெறுவது தேடலைக் கைவிடுவதற்கு ஒப்பாகும் எனப் பல குடும்பங்கள் அதனை ஏற்க மறுத்தன.

சட்ட ஏற்பாடுகள்

இச்சிக்கலுக்குத் தீர்வாக, 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழை அறிமுகப்படுத்தியது. இதன்மூலம், காணாமற்போனவர் இறந்துவிட்டார் என ஒப்புக்கொள்ளாமலே குடும்பத்தினர் நலன்புரி உதவிகளைக் கோரலாம். அதே ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை நிறுவ வழிசெய்தது. தேடிக் கண்டறிதலுடன், உளசமூக ஆதரவு உள்ளிட்ட சேவைகளுக்கு ஏற்பாடு செய்வதும் இதன் பணியாகும். 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இழப்பீட்டுக்கான அலுவலகம் உருவாக்கப்பட்டது.

நிதி ஒதுக்கீடு

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018 இல் வெளியிட்ட இடைக்கால அறிக்கையில், நிலையான வருமானமற்ற குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வழங்குமாறு பரிந்துரைத்தது. கல்வி, வீட்டுவசதி, கடன் நிவாரணம் என்பனவும் பரிந்துரைகளுள் அடங்கும். 2019 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இதற்காக 50 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சான்றிதழ் பெற்றோரே இதற்குத் தகுதியுடையோர் என்பதால், சான்றிதழ் பெறாத குடும்பங்கள் உதவிக்கு வெளியே நின்றன. மாதக் கொடுப்பனவும் நிலைக்கவில்லை. 2022 மார்ச்சில், சான்றிதழ் உடைய குடும்பங்களுக்கு ஒரே தடவையில் ஒரு இலட்சம் ரூபாய் வழங்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இத்தொகை பின்னர் இரண்டு இலட்சமாக உயர்த்தப்பட்டது.

குடும்பங்களின் நிலைப்பாடு

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டங்களைத் தொடங்கிய உறவினர் சங்கங்கள் 2022 ஆம் ஆண்டின் கொடுப்பனவை நிராகரித்தன. பணம் நீதிக்கு ஈடாகாது என்பது அவற்றின் வாதம். செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு 2016 இல் வெளியிட்ட ஆய்வும், காணாமற்போனோருக்கு என்ன நேர்ந்தது என அறிவதே குடும்பங்களின் முதன்மைத் தேவை எனக் குறிப்பிட்டது. பொருளாதாரத் தேவைகளையும் அவ்வாய்வு பதிவு செய்தது. எனவே உதவியை நாடும் குடும்பங்களும் உண்மையை அறியும் உரிமையைக் கைவிட்டவர்களாகக் கொள்ளப்படலாகாது.