வியர்க்காத உழைப்பு

1

உழைப்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று தட்டுப்படும். நம் எழுத்தில் உழைப்பின் குறி வியர்வை. வயல், உலை, செங்கல் சூளை, உப்பளம் என எல்லாமே வெயிலும் அனலும் கூடிய களங்கள். முற்போக்குக் கவிதை வியர்வை என்ற சொல்லைச் செல்லாக் காசாகும்வரை செலவழித்துவிட்டது. குளிரில் நின்று வேலை பார்க்கிறவன் நம் பிரதிகளில் அநேகமாக இல்லை. பி.எச். டேனியலின் 'ரெட் டீ' (1969) இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' (2007) என வந்தபோது, தேயிலைக் காட்டின் குளிர் கூலியாளின் உடலை என்ன செய்தது என்று படித்தோம். அது விதிவிலக்கு.

இந்தக் கேள்வி எனக்கு நூலகத்தில் தோன்றியதல்ல. போன பொங்கலுக்குச் சித்தப்பா மகன் ஏற்காட்டுக்கு வந்திருந்தான். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் படித்தவன். சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் குளிரூட்டும் அமைப்புகளைப் பராமரிக்கிற வேலை. வெளியே பனி இறங்கிக் காப்பித் தோட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் ஸ்வெட்டரும் மப்ளருமாக இருந்தேன். அவன் பனியனோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். "இதெல்லாம் ஒரு குளிராண்ணா? ரேக்குக்கு முன்னாடி நின்னு பாருங்க, காத்து எலும்புல அடிக்கும். அப்படியே பின்பக்கம் போனா வெந்துருவீங்க. நாள் பூரா முன்னாடி பின்னாடி, முன்னாடி பின்னாடின்னு நடக்கறதுதான் நம்ம பொழப்பு" என்றான்.

2

அவன் சொன்னதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும். சர்வர் தின்கிற மின்சாரம் அநேகமாக முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. நாம் அனுப்பும் கவிதை, பார்க்கும் படம், வங்கிக் கணக்கு எல்லாவற்றின் எச்சமும் சூடு. ரேக்குகளை எதிரெதிராக வரிசைப்படுத்தி, முன்பக்கம் குளிர்ந்த காற்றை விடுகிறார்கள். பின்பக்கம் சுடுகாற்று வெளியேறுகிறது. முன்னதைக் குளிர் சந்து என்றும் பின்னதைச் சுடு சந்து என்றும் சொல்லலாம். உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்பது பொறியாளர் சங்கங்களின் பரிந்துரை. சுடுகாற்றின் வெப்பத்தைக் குழாய்த் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது; தண்ணீரிடமிருந்து சில்லர் வாங்குகிறது; சில்லர் அதை மொட்டை மாடிக்கோ கூலிங் டவருக்கோ தள்ளிவிடுகிறது.

கவனியுங்கள், இதில் எந்த இடத்திலும் குளிர் 'தயாரிக்கப்படுவதில்லை'. வெப்பம் இடம் மாற்றப்படுகிறது, அவ்வளவே. ஆகவே குளிர் என்பது ஒரு பொருளல்ல, ஓர் உறவு. இங்கே குளிர் என்றால் வேறெங்கோ யாருக்கோ சூடு. ஒரு மெகாவாட் வெப்பத்தை நீரை ஆவியாக்கியே போக்க வேண்டுமென்றால் மணிக்குச் சுமார் 1,500 லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். ஒரு நாளைக்கு 12,000 லிட்டர் டேங்கர் லாரி மூன்று. காற்றைக் கொண்டே குளிர்விக்கும் சில்லர் என்றால் தண்ணீர் மிச்சம், மின்சாரம் கூடுதல். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை குடத்தோடு தெருவில் நின்றது. 2021இல் தமிழக அரசு டேட்டா சென்டர்களை வரவேற்கத் தனிக் கொள்கையே வெளியிட்டது. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

3

குளிர் யாருக்காக வந்தது என்று கேட்டால் வரலாறு கூச்சமில்லாமல் பதில் சொல்கிறது. 1902இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த குளிர்பதன அமைப்பு புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கானது. ஈரக் காற்றில் காகிதம் விரிந்து வண்ணங்கள் விலகி அச்சாயின. காகிதத்தைக் காப்பாற்றத்தான் அந்தக் குளிர். அச்சுக் கோத்தவனுக்கு அது தற்செயலாகக் கிடைத்தது. அதற்கும் முன்னால், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் வந்து சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸில் இறங்கியபோது, அது வெள்ளைக்காரத் துரைகளின் கோப்பைகளுக்குப் போனது. சுமந்தவன் தோளில் ஈரம் மட்டும் தங்கியது.

எங்கள் சேர்வராயன் மலையும் இந்தக் கதையில் ஒரு அத்தியாயம். சமவெளி வெயிலிலிருந்து தப்ப வந்த துரைமார்களின் குளிர்சாதனம்தான் இந்த மலை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் விரிய விரிய, மலையாளிப் பழங்குடிகளின் நிலம் சுருங்கியது. குளிர் துரைக்கு, குளிரில் நின்று பழம் பறிப்பது மற்றவருக்கு.

தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகவும், யாமத்தைச் சிறுபொழுதாகவும் வைத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். டேட்டா சென்டர் இந்த இலக்கணத்தைக் கவிழ்க்கிறது. அங்கே நிலம் இல்லை, சித்திரை வெயில் இல்லை, ஐப்பசி மழை இல்லை. எப்போதும் கூதிர், எப்போதும் யாமம். கருப்பொருள் இயந்திரம். உரிப்பொருள்? அதைத்தான் நாம் இன்னும் எழுதவில்லை.

4

அவன் வேலை இது. இரண்டு மணிக்கொரு முறை சுற்று. போகும் நீர், வரும் நீர் இரண்டின் வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் எல்லாம் லாக் புக்கில் ஏற வேண்டும். ஃபில்டர் மாற்றுவது, ஸ்ட்ரெய்னர் கழுவுவது, மோட்டார் பேரிங் சத்தத்தைக் காதால் பிடிப்பது. விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. ஆனால் அந்த இரைச்சலுக்குள் மாறுபட்டு ஒலிக்கும் ஒரு சத்தத்தை இவன் பிரித்தெடுக்க வேண்டும். மே மாத மத்தியானம் மாடியில் கண்டென்சரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவான். அங்கே வியர்க்கும். ஆனால் உள்ளே போகுமுன் துடைத்துவிட வேண்டும்.

சென்ற கோடையில் ஒரு பம்ப்பின் பேரிங் சத்தத்தை மூன்று முறை லாக் புக்கில் எழுதியிருக்கிறான். உதிரி வரவில்லை. நாலாவது நாள் ராத்திரி பம்ப் நின்றது. மாற்றுப் பம்ப் ஓடத் தொடங்குவதற்குள் சுடு சந்து கொதித்துவிட்டது. இவன் ஓடிப்போய் வால்வைக் கையால் திருப்பினான். மறுநாள் விசாரணை. இவன் அந்தக் கட்டடத்தின் ஆளில்லை, ஒப்பந்ததாரரின் ஆள். ஒரு வாரச் சம்பளம் பிடித்தார்கள். "நான் எழுதி வச்சத யாரும் படிக்கலைண்ணா. தப்பு நடந்ததும் எல்லாரும் படிச்சாங்க, யார் பேர் போட்டிருக்குன்னு பாக்க."

வாசிப்புக் கோட்பாடுகள் பற்றிப் பல வருஷம் பேசியவன் நான். இப்படி ஒரு வாசகனைப் பற்றி யோசித்ததில்லை. தண்டிக்க மட்டுமே வாசிக்கிறவன். கோடிக்கணக்கான பிரதிகளைக் கெடாமல் காக்கிறவன் எழுதும் ஒரே பிரதியான லாக் புக்குக்கு வேறு வாசகரே இல்லை.

'க்ளவுட்' என்று சொல்லி நாம் எல்லாவற்றையும் ஆகாயத்தில் ஏற்றிவிட்டோம். மேகம் வீட்டுக்குள் வந்து போகிற ஊர்க்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மேகத்துக்குக் குழாய் உண்டு, பம்ப் உண்டு, ராத்திரி ஷிப்ட் உண்டு. உழைப்பை நெற்றியில் தேடிய நம் விமர்சனம், இனி காதிலும் தேட வேண்டும், லாக் புக்கிலும் தேட வேண்டும்.

பொங்கல் முடிந்து அவனைப் பஸ் ஏற்றினேன். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம், அங்கிருந்து ராத்திரி வண்டி. சன்னலோரம் உட்கார்ந்தவன் கையால் காதைப் பொத்திப் பொத்தி எடுத்தான். என்னடா என்றேன். "இங்க வந்து நாலு நாளாச்சு, சத்தம் இன்னும் நிக்கலண்ணா" என்றான்.