தலைக்கட்டுக் கணக்கில் விடுபட்டவர்கள்

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. கடலூர்க் கரையோர ஊர்களில் ஆண்கள் பலர் கடலுக்குப் போயிருந்தார்கள். நடுக்கடலில் சுனாமி படகுக்கு அடியில் மெல்ல ஏறி இறங்கிப் போய்விடும். கரையை நெருங்கும்போதுதான் சுவராக எழும். அந்தக் கரையில்தான் பெண்கள் அன்னக்கூடையோடு படகுகளுக்காகக் காத்திருந்தார்கள். மற்றவர்கள் கரையை ஒட்டிய வீடுகளில், பிள்ளைகளோடு இருந்தார்கள்.

கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று 2005 மார்ச்சில் ‘ஆக்ஸ்பாம்’ தொண்டு நிறுவனம் கணக்குச் சொன்னது. தேவனாம்பட்டினத்தில் மட்டும் 42 பெண்கள், 21 ஆண்கள். இந்தோனேசியாவின் ஆச்சே பெசாரில் அந்த நிறுவனம் பார்த்த நான்கு ஊர்களில் உயிர் பிழைத்த 676 பேரில் பெண்கள் வெறும் 189. புடவை காலைச் சுற்றியது. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. கடலைப் பார்த்தே வளர்ந்த பெண்ணுக்கு நீச்சல் சொல்லித்தர யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

பிழைத்தவர்களின் கதை நிவாரணப் பட்டியலில் தொடங்கியது. மீனவ ஊர்களில் எதையும் தலைக்கட்டுக் கணக்கில்தான் பிரிப்பார்கள். தலைக்கட்டு என்றால் ஆண். நிவாரணமும் அந்த வழியே போனபோது, கணவனை இழந்தவர்களும் தனித்து வாழ்ந்தவர்களும் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு படகும் வலையும் கொடுத்தன. ஆனால் மீன் விற்கிறவளும் கருவாடு போடுகிறவளும் கூடையை இழந்திருந்தார்கள், தராசை இழந்திருந்தார்கள், ஏலத்தில் மீன் எடுக்கக் கைமுதலையும் இழந்திருந்தார்கள். அவர்களை மீனவர்கள் என்று எண்ணியவர்கள் குறைவு.

இலங்கையின் மட்டக்களப்பில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே தமிழர், முஸ்லிம் குடும்பங்களில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். சுனாமி அந்த வீடுகளை இடித்தது. புதிய வீட்டுக்கான படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கணவன் பெயர் ஏறியது, பத்திரமும் அவர் பெயருக்குப் போனது. தாய்வழியாக வந்த சொத்து ஒரே ஒரு கட்டத்தால் கைமாறிவிட்டது. இதைத் தவிர்க்க முடியாதது என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் சுனாமி வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிய அரசு முடிவெடுத்தது.

நிவாரணத்தில் பாலினச் சமத்துவம் என்றால் பெண்களுக்குத் தனியாக ஒரு பொட்டலம் என்று பலர் நினைக்கிறார்கள். யாரைக் கேட்டுத் திட்டமிட்டோம், யார் பெயரை எழுதினோம் என்பதில்தான் அது இருக்கிறது. முகாம் கழிப்பறையையே பாருங்கள். ‘ஸ்பியர்’ என்ற உலகளாவிய நிவாரண வழிகாட்டி, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று வேண்டும் என்கிறது. உள்ளே தாழ்ப்பாள் வேண்டும், போகிற வழியில் வெளிச்சம் வேண்டும். தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் பெண்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருட்டுக்காகக் காத்திருப்பார்கள்.

எச்சரிக்கையும் அப்படித்தான். 1991இல் வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். 20 முதல் 44 வயதுக்குள் ஆயிரத்துக்கு 15 ஆண்கள் இறந்தார்கள் என்றால், பெண்கள் 71 பேர். சந்தையில் ஆண்கள் சொல்லிக்கொண்ட செய்தி வீட்டுக்குள் சரியாகச் சேரவில்லை. சேர்ந்த இடத்திலும், கணவன் வராமல் பிள்ளைகளோடு கிளம்பப் பெண்கள் தயங்கினார்கள். அந்நிய ஆண்களோடு ஒரே கூடத்தில் ஒண்டவும் கூசினார்கள். இன்று அந்நாட்டின் புயல் முன்னெச்சரிக்கைத் தொண்டர்கள் சுமார் 76,000 பேரில் பாதிப்பேர் பெண்கள். புயல் கொடி ஏறியதும் அவர்கள் வாசலில் நின்று குரல் கொடுப்பதோடு விடுவதில்லை. நேரே அடுப்படிக்குப் போய், “பிள்ளையைத் தூக்கு, கிளம்பு” என்கிறார்கள்.