காப்பியின் பெயரில் ஒட்டிக்கொண்ட நாடு

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை ஒட்டிய கரடியூர் முதலிய ஊர்களின் சரிவுகளில், சில்வர் ஓக் மரங்களின் நிழலில், மிளகுக்கொடிகளின் பக்கத்தில் விளைகின்ற காப்பிக்கு ‘அராபிகா’ என்று பெயர். சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயசு 1753இல் செடிகளுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தியபோது, ஐரோப்பியருக்குக் காப்பி அரேபியாவின் சரக்காகவே அறிமுகமாகியிருந்தமையால், இச்செடிக்கும் அந்நாட்டின் பெயரே நிலைத்துவிட்டது. உண்மையில் அதன் பிறப்பிடம் செங்கடலுக்கு மேற்கே உள்ள எத்தியோப்பியா. ஆயினும் பெயர் முழுவதும் பிழையென்று தள்ளிவிட இயலாது. காட்டுச்செடியாகக் கிடந்த ஒன்றின் கொட்டையை வறுத்து, இடித்து, கொதிக்கவைத்துக் குடிக்கும் பழக்கத்தை 15ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்தவர்கள், இரவு முழுவதும் கண்விழித்து இறைநாமத்தை ஓதிய ஏமன் நாட்டுச் சூஃபி ஞானியரே. ‘கஹ்வா’ என்ற அரபுச் சொல் துருக்கியில் ‘கஹ்வே’ என்றும், டச்சு மொழியில் ‘கொஃபி’ என்றும் திரிந்து, ஆங்கிலத்தின் வழியாகத் தமிழில் ‘காப்பி’யாக வந்து சேர்ந்தது. ஏமன் நாட்டு முகா துறைமுகத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் ஞானி ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் அதனை ஏற்காட்டு மலைக்குக் கொண்டுவந்தார்.

இவ்வாறு தமிழர் வாழ்க்கைக்குள் சத்தமின்றி நுழைந்துவிட்ட அரபுப் பொருள்களையும், அரபு வாழ்க்கைக்குள் நுழைந்துவிட்ட இந்தியப் பொருள்களையும் ஒருசேரப் பார்ப்பதற்கு ஏற்ற நகரம், பிழைப்புக்காக ஆயிரக்கணக்கான தமிழர் சென்று சேர்ந்திருக்கும் துபாய். வானளாவிய கட்டடங்களையும் வணிக வளாகங்களையும் காட்டித் திருப்பியனுப்பும் சுற்றுலாத் திட்டங்களில் அந்நகரின் அருங்காட்சியகங்களுக்கு அரை நாளுக்கு மேல் ஒதுக்கப்படுவதில்லை. அது பெரிய இழப்பு. ‘கோர்’ என்று அரபியில் வழங்கும் உப்பங்கழியின் கரையில், நடந்தே சுற்றிவிடக்கூடிய தொலைவுக்குள், எண்ணெய்க்கு முந்திய அரபு வாழ்க்கை முழுவதும் வைக்கப்பட்டிருக்கிறது.

அவற்றுள் காப்பி அருங்காட்சியகம் 2014இல் திறக்கப்பட்டது. அல் ஃபஹீதி என்னும் பழைய குடியிருப்பில் ஒரு சிறு முற்றவீட்டுக்குள் அமைந்துள்ள இதனைப் பெரிய கூடங்களுக்குப் பழகிய கண் எளிதில் தவறவிட்டுவிடும். உள்ளே பல நாட்டு வறுகலங்களும் அரைவை எந்திரங்களும் இருந்தாலும், பார்வையாளர் நின்று நோக்க வேண்டியவை அரபுப் பாலைவனக் கூடாரத்தின் எளிய கருவிகளே. நீண்ட காம்புடைய இரும்பு அகப்பையைப் போன்ற ‘மிஹ்மாஸ்’ கொட்டையை வறுப்பதற்கானது. ‘மிஹ்பாஜ்’ என்பது மர உரலும் உலக்கையும். பறவையின் அலகைப் போல வளைந்த மூக்கும் இடுங்கிய இடையும் கொண்ட பித்தளைக் கெண்டி ‘தல்லா’. ஐக்கிய அரபு அமீரகத்தின் 1 திர்ஹம் நாணயத்தில் பொறிக்கப்பட்டிருப்பது இந்தக் கெண்டியின் உருவமே.

இக்கெண்டியிலிருந்து ஊற்றப்படும் காப்பியைக் கண்டால் கும்பகோணம் டிகிரி காப்பிக்குப் பழகியவர் சற்றுத் திகைப்பார். கொட்டை இளவறுப்பாக வறுக்கப்படுவதால் நீர் பொன்னிறமாக இருக்கும். பாலும் சர்க்கரையும் இல்லை. இனிப்புக்குப் பேரீச்சம்பழம் பக்கத்தில் வைக்கப்படும். இடக்கையில் கெண்டியும் வலக்கையில் ‘ஃபின்ஜான்’ என்னும் பிடியில்லாத சிறு கிண்ணமுமாக நின்று ஊற்றுபவர், கிண்ணத்தின் கால்பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று விருந்தினருக்குச் சொல்லாமல் சொல்வதாகிவிடும். போதும் என்று கருதும் விருந்தினர் வாய் திறக்க வேண்டியதில்லை. கிண்ணத்தை இருபுறமும் மெல்ல ஆட்டினால் போதும், அதுவரை ஊற்றுவது நிற்காது. இவ்விருந்தோம்பல் முறையை யுனெஸ்கோ 2015இல் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் காப்பியின் மணத்துக்குக் காரணம் ஏலக்காய். அரபியில் அதற்கு ‘ஹேல்’ என்று பெயர். ஏல மலைகளில் விளைந்து போடிநாயக்கனூர்ச் சந்தையில் விலைபோகும் காய்க்கு வளைகுடா நாடுகள் நெடுங்காலமாகவே முக்கிய வாடிக்கையாளர்கள் என்பதால், ஃபின்ஜானுக்குள் இருப்பதில் ஒரு பகுதி மேற்குத்தொடர்ச்சி மலைதான் என்று சொல்லலாம்.

காப்பியை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1511இல் மக்காவின் ஆளுநர் ஒருவர், அது மதியை மயக்கும் பானமென்று கூறித் தடைவிதித்தார். அத்தடை நெடுநாள் நீடிக்கவில்லை. நான்கு நூற்றாண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டில் இதே பானம் குடும்பங்களைக் கெடுக்கிறதென்று பத்திரிகைகளில் எழுந்த கூக்குரலை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் காணலாம். மக்காவிலும் மாயவரத்திலும் வென்றது காப்பிதான்.

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்தால், அக்குடியிருப்பே மற்றோர் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஈரானின் தென்பகுதியிலுள்ள பஸ்தக்கிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்க வரிச்சுமை பொறுக்காமல் இங்கே குடியேறிய வணிகர் கட்டிய வீடுகள் இவை; ஆகவே இதற்குப் பஸ்தக்கியா என்ற பழம்பெயரும் உண்டு. 1980களில் ஒரு பகுதி இடிபட்டு, எஞ்சியதும் இடிபட இருந்து, கடைசி நேரத்தில் காப்பாற்றப்பட்டது. வீடுகளின் மேல் சதுரக் கோபுரங்களாக எழும்பி நிற்பவை ‘பர்ஜீல்’ என்னும் காற்றுக்கோபுரங்கள். நாற்புறமும் திறந்த அவற்றின் மேற்பகுதி எத்திசைக் காற்றையும் வாங்கிக் குறுக்குச் சுவர்கள் வழியாகக் கீழறைக்கு இறக்க, அறையிலுள்ள சூடான காற்று எதிர்ப்பக்கத் துளை வழியாக மேலேறி வெளியேறும். 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்துக்கிடையே கம்பளியைத் தேடும் ஏற்காட்டுக்காரருக்கு இது வியப்பாக இருக்கலாம்; மின்விசிறி வராத காலத்தில் அக்கரையில் கோடையைக் கடந்தது இக்கோபுரத்தின் அடியில்தான். சுவர்கள் கடலிலிருந்து வெட்டிய பவளக்கல்லாலும் சாந்தாலும் ஆனவை. உத்தரத்துக்கு மரமில்லாத பாலை நாடாகையால், கிழக்கு ஆப்பிரிக்காவின் அலையாத்தி மரக்கழிகளும், கதவுக்கும் கப்பலுக்கும் இந்தியாவின் மேற்குக்கரைத் தேக்கும் வந்திறங்கின. அறைகளின் அகலம் பெரும்பாலும் அக்கழிகளின் நீளத்தால் முடிவானது.

அருகிலேயே நிற்கும் அல் ஃபஹீதி கோட்டை 1787ஐ ஒட்டிக் கட்டப்பட்டது; துபாயில் எஞ்சியுள்ள கட்டடங்களுள் மிகப் பழையது. 1971இல், ஐக்கிய அரபு அமீரகம் உருவான அதே ஆண்டில், அது நகர அருங்காட்சியகமாயிற்று. புதுப்பிப்புப் பணிகளுக்காக அண்மை ஆண்டுகளில் அது மூடப்பட்டதால், அந்நகரின் கதையைச் சொல்லும் பொறுப்பு, உப்பங்கழியின் வாயிலில் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்ட அல் ஷிந்தகா அருங்காட்சியகத்தின்மேல் விழுந்திருக்கிறது. பல பழைய வீடுகளைச் சேர்த்து அமைத்த தொகுதி இது.

எந்த வளைகுடா அருங்காட்சியகத்திலும் தமிழர் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் முத்துக்குளித்தல் பகுதி. அங்குள்ள கருவிகள் மிகச் சில: மூக்கை அடைக்கும் ‘ஃபித்தாம்’ என்ற ஆமையோட்டுக் கவ்வி, காலில் கோத்து மூழ்குவதற்கான கல், சிப்பியைச் சேர்க்கும் கழுத்தில் மாட்டிய வலைக்கூடை, கீறாமலிருக்கத் தோலால் செய்த விரலுறை. மூழ்குபவர் ‘கவ்வாஸ்’, மேலே படகில் நின்று அவரைக் கயிற்றால் இழுத்துத் தூக்குபவர் ‘ஸைப்’, மூழ்கியவரின் உயிர் இழுப்பவரின் கவனத்தில் தொங்கியது. படகின் தலைவர் ‘நகூதா’. தமிழ்க் கடற்கரையிலும் மரக்கலத் தலைவனுக்கு ‘நாகுதா’ என்னும் சொல் வழங்கியது. பாரசீகத்திலிருந்து இரு கரைகளுக்கும் சென்ற சொல் அது. மன்னார் வளைகுடாவில் பரதவர் மூழ்கிய முறையும் கல்லும் கயிறும் கூடையுமாக ஏறத்தாழ இதுவே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபு மூழ்காளர்களும் வந்து, தூத்துக்குடி, கீழக்கரை மூழ்காளர்களோடு ஒரே பாரில் இறங்கினர். ‘பார்’ என்பது கடலடியில் சிப்பி படிந்திருக்கும் திட்டு.

கண்ணாடிப் பேழைக்குள் முத்து அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் பின்னாலிருந்த கடன் பேழையில் அடங்குவதில்லை. பருவம் தொடங்குமுன் நகூதா கொடுக்கும் முன்பணத்தை வாங்கிக் குடும்பத்திடம் விட்டுச் செல்லும் மூழ்காளர், பருவம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது பெரும்பாலும் கடனோடுதான் திரும்பினார். அடுத்த பருவமும் அந்த நகூதாவிடமே செல்ல வேண்டியதாயிற்று. கங்காணியிடம் முன்பணம் வாங்கி இலங்கைக்கும் தென்னிந்திய மலைத்தோட்டங்களுக்கும் சென்ற தமிழ்த் தொழிலாளரின் கணக்கை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1920களில் ஜப்பானின் வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்தன. சிப்பிக்குள் செயற்கையாக ஒரு கருவை வைத்து முத்து விளைவிக்கும் முறையை முனைந்து வளர்த்தவர் மிகிமோட்டோ. அதனை ஒட்டி 1929இன் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர, வளைகுடாவின் முத்துத் தொழில் சில ஆண்டுகளிலேயே சரிந்தது. எண்ணெய் கிடைப்பதற்கு முந்திய அந்த இடைவெளியின் வறுமையை நினைவில் வைத்துப் பார்த்தால்தான், இன்றைய துபாயின் வேகம் புரியும்.

வளைகுடாவிலிருந்து தமிழகக் கரைக்கு வந்தவை குதிரைகள். தமிழகத்தின் கிழக்குக் கரையை அரபியர் ‘மஅபர்’ என்றழைத்தனர். கடந்துசெல்லும் துறை என்பது பொருள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டின் காயல் முதலிய துறைகளுக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் வந்திறங்கின என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். வணிகம் பெரிது என்பதில் ஐயமில்லை.

ஷிந்தகா தொகுதியின் வாசனை இல்லத்தில் கண்ணுக்கு இருப்பதைவிட மூக்குக்கு வேலை அதிகம். ஆடைக்கும் தலைமுடிக்கும் புகை ஏற்றும் தூபக்கால்களில் இடப்படும் ‘ஊத்’ வேறொன்றுமன்று, சங்கப் பாடல்களில் மகளிர் கூந்தலுக்குப் புகையூட்டிய அகில்தான். வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வளரும் ஒரு மரத்தில் பூஞ்சை தொற்றும்போது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசின் ஊறிக் கறுத்த வயிரமே இவ்வளவு விலைக்கு விற்கிறது. தமிழ் வீடுகளின் ‘ஊதுவத்தி’யின் முற்பாதி இந்த அரபுச் சொல்லே என்று கருதுவோரும் உண்டு. இதுபோல் வந்த சொற்களுக்குக் குறைவில்லை. பாரசீக, உருது ஆட்சிமொழிகளின் வழியாக நீதிமன்றத்துக்கு வாரிசும் ஜாமீனும் ஆஜரும், வரவுசெலவுக்கு வசூலும் பாக்கியும் அரபியிலிருந்து வந்தன. மலைத்தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் கணக்கிடப்படும் ‘மகசூல்’கூட அரபுச் சொல்தான்.

அருகில் 1896இல் கட்டப்பட்ட ஷேக் சயீத் அல் மக்தூம் இல்லம், ஆட்சியாளர் குடும்பம் வாழ்ந்த மாளிகை. பழைய நிழற்படங்களோடு நாணயங்களும் அஞ்சல்தலைகளும் காட்சிக்கு வைக்கப்பட்ட இடம். இதன் அறைகளுக்குள் செல்லும் இந்தியப் பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. துபாயில் 1909இல் திறக்கப்பட்டது இந்திய அஞ்சலகம். கடைவீதியில் புழங்கியது இந்திய ரூபாய். தங்கக் கடத்தலால் அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க, இந்திய ரிசர்வ் வங்கி 1959இல் இந்தியாவுக்குள் செல்லாத, வளைகுடாவில் மட்டும் செல்லுபடியாகும் தனி ரூபாய்த் தாள்களை அச்சிட்டது. 1966இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் துபாய் அத்தாளைக் கைவிட்டது. திர்ஹம் பிறந்தது 1973இல்தான். மாதந்தோறும் திர்ஹத்தை ரூபாயாக மாற்றி ஊருக்கு அனுப்பும் தொழிலாளி, அதே ரூபாய் அங்கே ஊதியமாகவும் விலையாகவும் இருந்த காலத்தைக் கேள்விப்பட்டால் நம்ப மறுக்கலாம்.

இந்தச் சிறு வீடுகளோடு ஒப்பிடும்போது, 2017இல் திறக்கப்பட்ட எத்திஹாத் அருங்காட்சியகம் அரசியல் ஒன்றியத்தின் கதையை மட்டும் பளபளப்பாகச் சொல்வது. நேரம் மிஞ்சினால் செல்லலாம். அதைவிடப் பக்கத்து நகரமான ஷார்ஜாவின் இஸ்லாமிய நாகரிக அருங்காட்சியகத்துக்குச் செல்வது பயனுடையது. பழைய கடைத்தெருக் கட்டடம் ஒன்றில் 2008இல் திறக்கப்பட்ட அதில், வான்கோள்களின் உயரத்தை அளந்து நேரத்தையும் தொழுகைத் திசையையும் கணித்த ‘அஸ்துர்லாப்’ என்னும் பித்தளைத் தட்டு முதலிய அறிவியற் கருவிகளுக்கு ஒரு கூடமே உண்டு. உலகம் ‘அரபு எண்கள்’ என்று சொல்லும் இலக்கங்களை அரபியர் ‘இந்திய எண்கள்’ என்றே குறித்தனர் என்பதையும் அங்கே நினைத்துக்கொள்ளலாம்.

துபாய்க்குச் செல்ல இயலாதவர்களுக்குச் சென்னை இருக்கிறது. அங்குள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளோடு அரபு, பாரசீகக் கையெழுத்துப் படிகளும் பாதுகாக்கப்படுகின்றன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் தமிழை அரபு எழுத்தில் எழுதிய ‘அரபுத்தமிழ்’ என்னும் மரபு இருந்தது. அரபியில் இல்லாத ள, ழ, ங போன்ற ஒலிகளுக்காகப் பழைய எழுத்துகளின்மேல் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளைச் செய்துகொண்டனர்.

எதிர்த்திசையிலும் ஓர் எழுத்து கிடைத்திருக்கிறது. சாம்பிராணி வகைகளுள் உயர்ந்ததாக அரபியர் கருதும் ‘லுபான்’ பிசினை ஏற்றுமதி செய்த பண்டைத் துறைமுகம், ஓமன் நாட்டுத் தோஃபார் கரையிலுள்ள கோர் ரோரி. அங்கே இத்தாலிய அகழாய்வுக் குழுவினர் 2006இல் கண்டெடுத்த உடைந்த மட்கலத் துண்டொன்றில், ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்-பிராமி எழுத்தில் ஒரு பெயர் கீறப்பட்டிருந்தது: ணந்தை கீரன். முற்பகுதி மூத்தவரைக் குறிக்கும் மதிப்புச்சொல் என்றும், கீரன் என்பது அவருடைய இயற்பெயர் என்றும் அறிஞர் படித்தனர். எந்த ஊரிலிருந்து என்ன சரக்கோடு சென்றார் என்பதை அந்த ஓடு சொல்லவில்லை. கலம் தன்னுடையது என்பதை மட்டும் சொல்கிறது.