வக்கீல் தவறு செய்தால் யாரிடம் முறையிடுவது?

புரோநோட்டுக் கடனை வசூலிக்கச் சென்னையில் ஒரு வக்கீலை நம்பினார்கள் சிலர். வழக்குத் தாக்கலாகிவிட்டது என்று அவர் சொன்னது பொய். வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடு கடந்துபோனது. வக்கீல்களை நெறிப்படுத்தும் மாநில பார் கவுன்சில் அவருடைய தொழிலை 6 ஆண்டுகள் முடக்கியது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. 1979-இல் உச்ச நீதிமன்றம், காஞ்சிபுரத்தில் ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்யுமாறு அவரைப் பணித்தது.

இந்த நடவடிக்கைக்கு அடிப்படை, 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம். அதன் 35-ஆவது பிரிவின்படி மாநில பார் கவுன்சிலில் யாரும் புகார் தரலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்து, கண்டிக்கலாம், தொழிலை இடைநிறுத்தலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு.

வக்கீல் செய்யக்கூடாதவை வேறும் உண்டு. ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்துவைப்பது தவறு என 2000-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசவும் விதிகளில் இடமில்லை.

நுகர்வோர் நீதிமன்றத்துக்கு மட்டும் போக முடியாது. வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால், அலட்சியத்தால் நேர்ந்த இழப்புக்கு சிவில் நீதிமன்றத்தை நாடும் வழி இருக்கிறது.

எந்தப் புகாருக்கும் ஆதாரம் வேண்டும். எனவே வக்காலத்து நகல், பணம் கொடுத்த ரசீது, வழக்கு எண் மூன்றையும் முதல் நாளிலேயே கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.