போதிதருமரும் கராத்தேயும்: ஒரு வழிமுறை வழக்கு

ஹனூர் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளிற் சிலர் கராத்தே பயில்கின்றனர். அவ்வீடுகளில் ஒரு பெருமைப் பேச்சு அடிக்கடி நம் செவியில் விழுகிறது. “கராத்தே காஞ்சிபுரத்தில் பிறந்த கலை; பல்லவ இளவரசர் போதிதருமர் கொண்டுபோய்க் கொடுத்தது” என்பதே அது. 2011ஆம் ஆண்டில் ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் வெளிவந்த பின்னர் அப்பேச்சு இன்னும் வலுத்தது. ஆனால் பள்ளியில் உடன் பயிலும் கன்னடப் பிள்ளை, “அதற்குச் சான்று என்ன?” என்று கேட்டால் நம் பிள்ளை என்ன சொல்லும்? பெற்றோராகிய நாம் அன்றோ அதற்கு விடை தேடித் தரவேண்டும்?

கதை யாவரும் அறிந்ததே. காஞ்சி மன்னரின் மூன்றாம் மைந்தர் துறவு பூண்டு சீனம் சென்றார். ஷாவோலின் மடத்தில் ஒன்பதாண்டு சுவரை நோக்கித் தவமிருந்தார். மெலிந்திருந்த துறவியர்க்கு உடற்பயிற்சி கற்பித்தார். அது சண்டைக் கலையாகி, ரியூக்யூ தீவுகளை அடைந்து கராத்தே ஆயிற்று என்பர்.

இனி ஏடுகள் கூறுவதைப் பார்ப்போம். போதிதருமரைக் குறிக்கும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று, 547ஆம் ஆண்டளவில் யாங் சுவான்சி என்பார் லோயாங் நகரத்துக் கோயில்களைப் பற்றி எழுதியது. அது அவரைப் பாரசீகத்தார் என்கிறது. அவர் மாணவராகக் கருதப்படும் தான்லின், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். 645இல் தாவோசுவான் எழுதிய துறவியர் வரலாறும் தென்னிந்தியர் என்றே கூறும். காஞ்சியோ, 1004ஆம் ஆண்டு நூலில் வரும் ‘சியாங்சி’ என்னும் நாட்டுப் பெயரைக் கொண்டு அறிஞர் சிலர் செய்த ஊகமே. ஆகவே அவர் தென்னாட்டார் என்பதற்குப் பழஞ்சான்று உண்டு. காஞ்சியார் என்பதற்கு அத்துணை உறுதி இல்லை. அவர் குத்துச்சண்டை கற்பித்தார் என்று இப்பழைய நூல்களுள் ஒன்றும் கூறவில்லை.

அப்படியானால் அக்கதைக்கு வேர் எது? தசைநார்களை வலுவாக்கும் பயிற்சி நூல் ஒன்று போதிதருமர் பெயரால் வழங்குகிறது. அதன் முன்னுரை 628ஆம் ஆண்டினது என்று தன்னைக் கூறிக்கொள்கிறது. அம்முன்னுரை பொய்யானது என்றும், நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும் தாங் ஹாவ் முதலிய சீன ஆராய்ச்சியாளர் காட்டினர். ஷாவோலின் மடமும் 495ஆம் ஆண்டளவில் பத்துவோ என்னும் வேறோர் இந்தியத் துறவிக்காக எழுந்ததே.

சீனத்துக்கும் ஒகினாவாவுக்கும் இடைப்பட்ட வழியும் தெளிவானதன்று. கோஜு மரபை எடுத்துக்கொள்வோம். நாஹா ஊரினரான ஹிகாவோன்னா கன்ரியோ (1853–1915) சீனத்து ஃபூசௌ நகரில் ‘ரியூ ரியூ கோ’ என்பாரிடம் பயின்றார். அவரிடம் கற்ற மியாகி சோஜுன் (1888–1953) அம்மரபுக்குக் கோஜு என்று பெயரிட்டார். ஆனால் அந்தச் சீன ஆசான் யார்? கொக்கு முறைக் கலைஞரான சியே சோங்சியாங் (1852–1930) என்பர் சிலர். மாணவரைவிட ஓராண்டே மூத்தவர் எங்ஙனம் ஆசானாதல் கூடும் என்று மறுப்பர் வேறு சிலர். நூற்றைம்பது ஆண்டுக்கு உட்பட்ட ஓர் ஆசானின் பெயரே வழக்கில் இருக்கையில், ஆயிரத்தைந்நூறு ஆண்டுச் சங்கிலியை நாம் எப்படி உறுதியென்று உரைப்பது?

நம் ஊரையே எண்ணிப் பாருங்கள். ஹனூரை உள்ளடக்கிய பழைய கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1 வரை சென்னை இராச்சியத்துக் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. இதனை யார் கேட்டாலும் நாம் தயங்காது சொல்கிறோம். ஏனெனில் அரசாங்க ஆவணம் உண்டு. அந்த அளவுகோலையே நம் பெருமைகளுக்கும் பிடித்தல் நேர்மையாகும். ஆதாரமற்ற ஒன்றை நாம் முழங்கினால், ஆதாரமுள்ளவற்றையும் பிறர் ஐயுறுவர்.

இதனால் நமக்கு இழப்பு ஏதும் இல்லை. தென்னாட்டுத் துறவி ஒருவரைச் சீனமும் ஜப்பானும் தியான நெறியின் முதல் ஆசானாகப் போற்றுகின்றன. ஜப்பானியர் வீடுகளில் ‘தருமா’ பொம்மையாகவும் அவர் விளங்குகிறார். இப்பெருமை சிறிதோ? மேலும், ஆசான் கையிலிருந்து மாணவன் கைக்கு இன்றும் வந்துகொண்டிருக்கும் சிலம்பம் நம்மிடம் உண்டு. மலேயாவுக்குப் பிழைக்கச் சென்ற நம்மவர் அதனை உடன் கொண்டு சென்றனர்; அங்கே அது இன்றும் வாழ்கிறது. புலம்பெயர்ந்தோர் ஒரு கலையைக் காக்கும் முறை அதுவே.

ஆகவே, பிள்ளைகள் கராத்தேயை நன்கு பயிலட்டும். அதனை வளர்த்த ஒகினாவா ஆசான்களுக்கு நன்றி கூறட்டும். கூடவே, சிலம்பத்தின் காலடி வரிசையையும் கற்கட்டும். “கராத்தே நம்முடையதா?” என்று கேட்டால், “போதிதருமர் தென்னாட்டார் என்று பழைய நூல்கள் கூறும், கராத்தேயை வளர்த்தவர் ஒகினாவா மக்கள், சிலம்பம் நம்முடையது” என்று அமைதியாகச் சொல்லட்டும். அவ்விடை எந்தச் சபையிலும் நிற்கும்.